தகரம் நெளிந்தால்: வீட்டிலேயே எடுக்கக்கூடிய சிறு நெளிவுகள்

சில காலத்துக்கு முன்னர், எமது வேலைகளுக்கு ஓடுகின்ற பழைய காரின் பொனற் மீது ஒரு தேங்காய் விழுந்தது. காய்த்து நிற்கும் தென்னையின் கீழ் காரை நிறுத்தியது எமது பிழையே. தேநீர்க் கோப்பைத் தட்டு அளவில் ஒரு குழி. பெயின்ற் எங்கும் வெடிக்கவில்லை. "இதற்கெல்லாம் கராஜுக்குப் போவதா?" என்று எம்மில் ஒருவர் பொனற்றைத் திறந்து, கீழிருந்து குழியின் நடுவில் சுத்தியலால் நாலு அடி போட்டார். குழி மேலே வந்தது. ஆனால் குழியாக இருந்த இடம் இப்போது மேடாக நின்றது. மேட்டை மேலிருந்து அடித்தோம். அது பக்கத்தில் இன்னொரு மேடாகக் கிளம்பியது. அரை மணித்தியாலத்தில் பெயின்ற் செதில் செதிலாகக் கழன்று, பொனற் பொரித்த அப்பளம் போல ஆகிவிட்டது. மறுநாள் அதைப் பார்த்த ரிங்கர் வேலைக்காரர், வயது முதிர்ந்தவர், உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னார்: "தேங்காய் செய்தது கொஞ்சம்தான் தம்பி. மிச்சமெல்லாம் நீங்கள் செய்தது."

அன்று அவர் எமக்குக் காட்டித் தந்தவற்றையும், பின்னர் கழித்துப் போட்ட மட்காட் ஒன்றை வைத்து நாமே தட்டிப் பழகி அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். வாகனம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ரிங்கர் வேலை பழக வேண்டும் என்பது எமது எண்ணமல்ல. எந்த நெளிவை வீட்டில் எடுக்கலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதையாவது அறிந்திருப்பது நல்லது.

எமது நாட்டில் ஒரு வாகனம் இலேசில் கைவிடப்படுவதில்லை. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். ஏ-40 சமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்ட கார். அது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் வாடகைக்கு ஓடியதென்றால் அதற்குக் காரணம் அதன் எஞ்சின் மட்டுமல்ல, அதன் தகரத்தைப் பழுது பார்த்த கைகளும்தான். அண்மைக் காலத்திலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருக்கின்ற வாகனத்தைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வாடகைக்கு ஓடும் ஒரு கார் அல்லது ஓட்டோ கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கும் நாள் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

தகரம் எதை நினைவில் வைத்திருக்கிறது?

இன்றைய கார்களின் வெளித் தகரம் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. வரையான தடிப்புள்ள உருக்குத் தகடு. பழைய ஆங்கிலக் கார்களில் இதைவிடத் தடிப்பு. அச்சில் வைத்து அழுத்தி வளைத்தபோது அது பெற்ற வடிவமே அதன் இயல்பான நிலை. சிறிதளவு அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் பழைய நிலைக்கு வரும். இதுவே மீள்தன்மை. கூடுதலாக அழுத்தினால் வளைந்த இடத்தில் வளைந்தபடியே நின்றுவிடும். அவ்வாறு நின்ற இடம் முன்னரிலும் விறைப்பாகிவிடுகிறது. ஒரு கம்பியை மடித்து, பின் நிமிர்த்திப் பாருங்கள். மடிப்பு இருந்த இடம் மட்டும் நிமிர மறுக்கும். அதே கதைதான்.

ஒரு தேங்காய் விழுந்த குழியைக் கவனித்தால், அதன் நடுப்பகுதி பெரும்பாலும் மெல்லிய சாய்வோடு கிடக்கும். அங்கே தகரத்துக்குப் பெரிய சேதம் இல்லை. குழியைச் சுற்றி ஓர் ஓரம், வளையல் போல, சற்று மேலெழும்பி நிற்கும். விறைத்துப் போனது அந்த ஓரமே. நடுவைப் பூட்டி வைத்திருப்பதும் அதுவே. பூட்டைத் திறக்காமல் கதவை உதைத்தால் கதவுதான் உடையும். நாம் செய்தது அதைத்தான். நடுவில் சுத்தியலால் அடிக்க அடிக்க, அடிபட்ட இடம் மெலிந்து விரிந்தது. விரிந்த தகரத்துக்குப் பழைய இடத்தில் இருக்க இடம் போதாது. ஆகவே அது மேடாக எழும்பியது. இப்படி விரிந்த தகரத்தைச் சுருக்குவதற்குச் சூடு காட்டிக் குளிர்விக்கும் வேலை தெரிந்த கை வேண்டும். வீட்டில் அது ஆகாது.

எனவே ரிங்கர் வேலையின் முதற் பாடம் இதுதான்: நெளிவு எந்த ஒழுங்கில் உண்டானதோ அதற்கு எதிர் ஒழுங்கில் அதை எடுக்க வேண்டும். முதலில் உள்ளே போனது நடு. கடைசியில் எழும்பியது ஓரம். ஆகவே கையை வைக்க வேண்டியது ஓரத்தில், நடுவில் அல்ல.

தொட முன்னர் பார்க்க வேண்டியவை

வாகனத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, காலையிலோ மாலையிலோ சரிந்த வெளிச்சத்தில் நெளிவைப் பக்கவாட்டாகப் பாருங்கள். மதகோடு, கம்பிவேலி, மின்கம்பம் ஏதாவதொன்றின் நிழலுரு தகரத்தில் தெரியும்படி நின்று பார்த்தால், அந்தக் கோடு எங்கே வளைகிறதோ அங்கே நெளிவு தொடங்குகிறது. இரவில் நீள மின்குழாய் விளக்கின் கீழும் இதைப் பார்க்கலாம். கண்ணைவிடக் கை நல்ல சாட்சி. மெல்லிய பருத்தித் துணியொன்றை விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமும் தெரியும். வெறும் கை ஒட்டிப் பிடிக்கும். துணி வழுக்கிக்கொண்டு போகும்.

பெயின்ற் வெடிக்காமல், மடிப்புக் கோடு இல்லாமல், கோப்பை போல வளைந்த அகலக் குழி என்றால் வீட்டில் முயலலாம். கூரான மடிப்பு, தகரத்தின் விளிம்பில் உள்ள நசிவு, கதவின் நீளத்துக்கு ஓடும் அழகுக்கோட்டின் மேல் விழுந்த நசிவு ஆகியவை கை தேர்ந்தவருக்கே உரியவை. கதவு பூட்டுவதில் மாற்றம் தெரிந்தால், அல்லது நெளிவு தூண்களிலோ கதவின் கீழ்ப்படியிலோ இருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. வாகனத்தின் கட்டமைப்புக்கே அடிபட்டிருக்கலாம். பிந்திய வாகனங்கள் பலவற்றில் கூரையின் ஓரத்தில் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டுள்ளது. அந்த இடத்தில் உள்ளிருந்து எதையும் நுழைத்து நெம்ப வேண்டாம்.

ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தில் வைத்தும் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம். ரொயோற்றா பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களின் பொனற் அலுமினியமே. அலுமினியம் உருக்கைப் போல இலகுவில் பழைய வடிவுக்குத் திரும்பாது, வெடிக்கவும் செய்யும். ஒட்டாமைக்கு இன்னொரு காரணம், முன்பு யாரோ தடிப்பாகப் பட்டி அப்பியிருப்பது. பாவித்த வாகனம் வாங்கப் போகிறவர்கள் இந்தக் காந்தத்தைச் சட்டைப் பையில் கொண்டு போவது நன்று. மினுங்குகிற வெளித்தோற்றம் சொல்லாததை அது சொல்லும்.

இழுத்து எடுத்தல், தள்ளி எடுத்தல்

கழுவு தொட்டியின் அடைப்பெடுக்கும் றப்பர்க் கிண்ணத்தை எல்லோரும் அறிவர். விளிம்பு மடிந்திராத, தட்டையான கிண்ணமே வேண்டும். தகரத்தையும் கிண்ணத்தின் விளிம்பையும் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, குழியின் நடுவில் அழுத்தி ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக வெளியே இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குழியைச் சுற்றியுள்ள ஓரத்தை றப்பர்ச் சுத்தியலால், அது இல்லாவிட்டால் துணி சுற்றிய மரக்கட்டையால், மெதுவாகத் தட்டிக்கொண்டு வரட்டும். ஓரம் இளகும்போது நடு "டக்" என்ற ஒலியோடு வெளியே வரும். கதவின் நடு, மட்காட்டின் பரந்த பக்கம், கூரை ஆகிய இடங்களில் உள்ள ஆழமற்ற அகலக் குழிகளுக்கே இது சரிவரும். கிண்ணத்தைவிடச் சிறிய குழிக்கு இதனால் பயனில்லை.

பின்பக்கத்துக்குக் கை போகுமானால் தள்ளி எடுப்பது இன்னும் நல்லது. பொனற்றின் அடிச்சட்டத்தில் ஓட்டைகள் இருக்கும். மட்காட்டுக்குள் சில்லைக் கழற்றி உள்மறைப்பை நீக்கினால் இடம் கிடைக்கும். கதவானால் உள் அட்டையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னர் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கிய கண்ணாடி நீங்கள் நெம்புகின்ற அதே இடைவெளிக்குள்தான் நிற்கும். உடைத்தவர்களை நாம் அறிவோம்.

தள்ளுவதற்கு மொட்டையான மரப்பிடி போதும், நுனியில் துணிநாடா சுற்றிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி, சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் பலமாகத் தள்ளினால் வெளியே பரு போல ஒரு முனை கிளம்பும். ஒவ்வொரு அழுத்தத்தின் பின்னும் வெளியே வந்து கோட்டைப் பாருங்கள். ஒரு கோப்பை அளவுக் குழிக்கு நாம் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தோம். அவசரக்காரருக்கு இது உகந்த வேலையல்ல.

சுத்தியல் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு அந்த முதியவர் காட்டிய முறை இது. குழியின் கீழே, வழுவழுப்பான கனத்த இரும்புத் துண்டொன்றை இடக்கையால் மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். தட்டுவது குழியை அல்ல, அதன் அருகேயுள்ள மேட்டு ஓரத்தை, மேலிருந்து. மேடு இறங்க, கீழே அழுத்தம் கொண்ட குழி தானாக எழும்பும். இரும்புக்கும் சுத்தியலுக்கும் இடையே தகரம் நேராக நசிபட்டால் அது விரியும், ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக வரக்கூடாது. சுத்தியலின் முகம் தட்டையாகவும் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு கீறலும் தகரத்தில் பதியும். அடியின் பலம் முட்டை ஓட்டை உடைக்கும் அளவுக்கு மேற்படாதிருக்கட்டும். பித்தளைக் குடத்தின் நெளிவை எடுக்கிறவர் கையை எப்போதாவது கவனித்திருந்தால், எவ்வளவு மெதுவாகத் தட்டுவார் என்பது நினைவிருக்கும். முதலில் பழைய தகரத்தில் பழகுங்கள்.

பிளாஸ்ரிக் பம்பரின் கதை வேறு. அது சூட்டில் இளகும். கொதிநீரை நெளிவின் மேல் ஊற்றி, தடித்த கையுறையோடு உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வடிவம் நிலைக்கும். சிறுபிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் வெள்ளைக் கோடும் பெயின்ற் வெடிப்பும் எஞ்சலாம்.

இந்தச் சூட்டு வித்தையைத் தகரத்திலும் செய்யலாம், முதலில் சூடாக்கிப் பின் பனிக்கட்டி வைத்தால் குழி தானாகக் குதித்து வெளியே வரும் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு மீற்றர் நீள உருக்கு 50 பாகை செல்சியசால் சூடேறினால் சுமார் 0.6 மி.மீ. நீளும். பத்துச் சென்ரிமீற்றர்க் குழிக்கு 0.06 மி.மீ. இந்த அளவு அசைவு விறைத்த ஓரத்தை அசைக்காது. சித்திரை மாத நண்பகலில் கறுப்புப் பொனற்றில் கை வைக்க முடியாது. மாலையில் குளிர்கிறது. இது நாள்தோறும் நடக்கிறது. சூடும் குளிரும் நெளிவு எடுக்குமானால் வன்னியில் நெளிந்த வாகனம் ஒன்றுகூட இருக்காது. விரலால் அழுத்தினாலே உள்ளே வெளியே போய் வருகின்ற தளர்ந்த தகரத்தில் சிலவேளை பலிக்கலாம், அவ்வளவே.

பெயின்ற் வெடித்துவிட்டால்

இங்கேதான் காலம் முக்கியமாகிறது. பெயின்ற் வெடிக்காத நெளிவு ஆறு மாதம் கிடந்தாலும் அப்படியே கிடக்கும். வெடித்தது கிடவாது. குடாநாட்டில் கடலோ கடல் நீரேரியோ வெகு தூரத்தில் உள்ள ஊர் என்று ஒன்றில்லை. காற்றிலும் உப்பு, பல இடங்களில் வாகனம் கழுவுகின்ற கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், பெயின்றுக்கு அடியில் ஊதி, அதை மேலும் தூக்கி, புதிய இடத்துக்கு வழி திறந்துகொண்டே போகும். மாரிக்கு முன்னர் நகத்தளவு இருந்தது மாரிக்குப் பின்னர் உள்ளங்கை அளவாகிவிடும். குழியை எடுக்க உடனே வசதியில்லாவிட்டாலும், வெடிப்பைச் சுத்தமாக்கி, காயவைத்து, துரு தடுக்கும் பிறைமர் பூசி, அதன் மேல் ஏதாவதொரு பெயின்றைத் தூரிகையால் தடவிவிடுங்கள். வடிவாக இருக்காது. தகரம் தப்பும். சாம்பல் நிறப் பிறைமரோடு மட்டும் மாதக்கணக்காக ஓடும் வாகனங்களைத் தெருவில் காண்கிறோம். சாதாரண பிறைமர் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதன் அடியில் துரு ஏறுவது வெளியே தெரியாது என்பதே வித்தியாசம்.

முழுதாகச் செய்ய விரும்புவோர், வெடித்த பெயின்றையும் துருவையும் தேய்த்து எடுத்து, பளிச்சென்ற தகரத்தைக் காண வேண்டும். ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்கிறோம். பழைய ஆங்கிலக் கார்களின் பெயின்றில் ஈயம் இருந்திருக்கக்கூடும். அவற்றின் பொருத்துகளை நிரவுவதற்கே ஈயம் உருக்கிப் பூசப்பட்டது. அந்தத் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கைக்குழந்தை தவழும் முற்றத்தில் ஏ-40 ஒன்றை உலர்வாகத் தேய்ப்பது பெரும் தவறு. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைக் கடதாசியால் வழித்தெடுத்து, பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகமூடி அணியுங்கள். வேலை முடிந்ததும் உடுப்பை வேறாகத் தோயுங்கள்.

தேய்த்த தகரத்தை அன்றே மூட வேண்டும். எமது காற்றில் ஓர் இரவு போதும், செந்நிறம் படர்ந்துவிடும். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு, ஆகவே வெறும் கையால் தொடாதீர்கள். குழி பெரும்பாலும் நிரவப்பட்ட பின் எஞ்சும் சிறு பள்ளத்துக்கே பட்டி. 3 மி.மீ. தடிப்புக்கு மேல் அப்பினால் ஒரு நாள் வெடித்துக் கழரும். 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் கெட்டியாக்கி போதும். வெயில் நாளில் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் குழைக்கவும். காட்போட் மட்டையில் வைத்துக் குழைப்பது வழக்கமாக இருக்கிறது. மட்டை அதிலுள்ள திரவத்தை உறிஞ்சிவிடும். ஓட்டுத் துண்டோ கண்ணாடித் துண்டோ நல்லது. இறுகிய பட்டியை மரக்கட்டையில் சுற்றிய 80ஆம் இலக்கச் சான்ட் பேப்பரால் தேய்த்து, 180, 320 என்று போக வேண்டும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சும், ஆதலால் அதை உலர்வாகவே தேய்க்கவும், முகமூடியோடு. அதன் மேல் பிறைமர் பூசிக் காய்ந்த பின்னர்தான் 600 அல்லது 800 இலக்கத் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம்.

பெயின்றின் வண்ண இலக்கம் எஞ்சின் பகுதியிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பல ரொயோற்றா வாகனங்களின் சாதாரண வெள்ளைக்கு 040. இலக்கம் சரியாக இருந்தாலும் பல ஆண்டு வெயில் பட்ட பழைய பெயின்றோடு புதியது ஒத்துவராது என்பதையும் எதிர்பாருங்கள். சிறு ஸ்பிறே டப்பாவால் மெல்லிய படைகளாக அடிக்கலாம். கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் இருகலவைப் பெயின்றை மட்டும் வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற்று தீராத தொய்வு நோயைக் கொடுக்கக்கூடியது. சாதாரண துணி முகமூடி அதைத் தடுக்காது.

கதவில் வேலை செய்தவர்கள் உள் அட்டையைப் பூட்ட முன்னர் கதவின் அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே மழைத்தண்ணீர் வடிவதற்குச் சிறு துவாரங்கள் உண்டு. செம்மண் அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட கதவுக்குள் மாரி முழுவதும் தண்ணீர் நின்று, உள்ளிருந்தே தகரத்தைத் தின்னும். புதிய பெயின்ற் மீது ஒரு மாதமாவது மெழுகு பூசாதிருக்கவும். எமது காரை இப்போது பனைக்கும் தென்னைக்கும் எட்டாத இடத்தில், மாட்டுக்கொட்டிலின் பக்கமாக நிறுத்துகிறோம். பொனற்றில் ஒரு மேடு இன்னும் இருக்கிறது.